தன் கை பட்ட இடம்

ஒரு பொருளில் நாமே ஒரு மாற்றம் செய்கிறோம். சில நாள் கழித்து அப்பொருளில் ஒரு பழுது தோன்றுகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா? உண்டு என்று முதலில் ஐயுற வேண்டியவர் யார்? மேலோட்டமாகப் பார்த்தால் இது பட்டறைக்காரர் தீர்க்க வேண்டிய கேள்வி. சற்று நின்று எண்ணிப் பார்த்தால் காரண காரியத்தைப் பற்றியும், ஒருவன் தன் செயலுக்குத் தானே எவ்வாறு சாட்சியாக நிற்க வேண்டும் என்பதைப் பற்றியும் எழும் கேள்வி என்பது விளங்கும். இத்தகைய கேள்விகளை வெறும் சொற்களைக் கொண்டு ஆராய்ந்தால் வழுக்கிக்கொண்டே போகலாம். ஓர் எந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் அவ்வாறு நழுவ முடியாது. எந்திரத்துக்கு முகத்தாட்சணியம் கிடையாது.

ஈண்டு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க மோட்டார் வண்டிகளில் காணப்படும் தானியங்கிக் கியர்ப் பெட்டி. அரபி இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பின்னர்த் தொழிற்கல்வி பயின்று, அந்நாட்டில் கியர்ப் பெட்டி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் நெடுங்காலமாகப் பணியாற்றுகிறார். மன்திக் பாடத்தில் அவர் சுமாரானவர்தாம். ஆயினும் ஊர் வரும்போதெல்லாம் அவர் விவரிக்கும் பழுதுகளில், நாங்கள் கிதாபுகளில் வாசித்த அளவையியல் முழுவதும் எண்ணெய்க் கறையோடு எழுந்து நடமாடுவதைக் கண்டிருக்கிறேன்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் ஓட்டுநரின் காது எஞ்சினின் முனகலைக் கேட்கிறது. கண் சாலையின் ஏற்றத்தைக் காண்கிறது. அறிவு முடிவு செய்கிறது. கையும் காலும் அம்முடிவை நிறைவேற்றுகின்றன. தானியங்கிப் பெட்டியில் இத்தனை வேலையையும் எண்ணெயே செய்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ராமேடிக்’ என்னும் பெயரில் இத்தகைய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் எத்தனையோ வகைகள் வந்துவிட்டன. எனினும் மின்னணுக் கருவிகள் புகுவதற்கு முன்பிருந்த வகைகளில் அடிப்படை ஒன்றுதான். எஞ்சினால் சுழலும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளுகிறது. ‘வால்வு பாடி’ எனப்படும் உலோகப் பாளத்துக்குள் எலிவளை போல் குடையப்பட்ட பாதைகளில் அந்த எண்ணெய் ஓடுகிறது. அடுக்கடுக்கான கிளட்ச் தட்டுகளையும் பட்டைகளையும் அது இறுக்கும், தளர்த்தும். அவற்றுக்கேற்பப் பல்சக்கரத் தொகுதிகள் பிணைந்தும் விடுபட்டும் கியர் மாறுகிறது.

எப்பொழுது மாற வேண்டும் என்பதை எவ்வாறு அது அறிகிறது? அங்கேதான் வியப்பு. அதனிடம் இரண்டு சாட்சிகள் உள்ளனர். ஒருவர் ‘கவர்னர்’. வண்டி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை அவர் எண்ணெய் அழுத்தத்தின் மொழியில் சொல்கிறார். வேகம் கூடக் கூட அழுத்தம் கூடும். மற்றவர் எஞ்சின் எவ்வளவு சுமையை இழுக்கிறது, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதை அதே மொழியில் சொல்கிறார். மாற்று வால்வு என்னும் சிறு உருளை இவ்விருவருக்கும் நடுவே நீதிபதியாக அமர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வேகத்தின் அழுத்தம் அதைத் தள்ளுகிறது. மறுபக்கம் சுமையின் அழுத்தமும் ஒரு வில்லும் சேர்ந்து எதிர்த்து நிற்கின்றன. வேகம் வென்றால் வால்வு நகர்ந்து, மேல் கியர் விழுகிறது. ஆகவேதான் மெல்ல மிதித்தால் கியர் சீக்கிரம் மாறுகிறது. அழுத்தி மிதித்தால் காலந்தாழ்த்தி மாறுகிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுமையைச் சொல்லும் சாட்சியின் சொல்லைக் கேட்டுத்தான் பெட்டி தன் பிடியையும் இறுக்கிக்கொள்கிறது. சுமை மிகுந்த வேளையில் பிடி தளர்ந்திருந்தால் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கித் தேய்ந்து எரிந்துபோகும்.

இனி நம் வழக்குக்கு வருவோம். 1969இல் வெளிவந்த ‘டர்போ ஹைட்ராமேடிக் 350’ என்னும் பெட்டி மூன்று கியர் கொண்டது, மிக எளிமையானது, கோடிக்கை பார்ப்போர் அனைவருக்கும் பழக்கமானது என்று சொல்லத்தக்க அளவுக்குப் பரவியது. அதில் சுமையைச் சொல்லும் சாட்சி ஒரு வாக்குவம் குழாய் வழியாகப் பேசுகிறார். எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்திலுள்ள வெற்றிட இழுப்பு, சுமை கூடும்போது குறையும். அக்குறைவைக் கொண்டு பெட்டி சுமையை அறிந்துகொள்ளும். இதல்லாமல் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிளும் அப்பெட்டிக்குப் போகிறது. அந்தக் கேபிளுக்கு ஒரே வேலைதான். ஓட்டுநர் முன்வண்டியை முந்த வேண்டி ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால், கீழ் கியருக்கு இறங்கு என்று கட்டளையிடுவது. கேபிள் சரியாக இல்லாவிட்டால் அந்தக் கட்டளை போகாது. அதற்கு மேல் பெருங்கேடு எதுவும் இல்லை.

1982ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் அதே நிறுவனம் ‘700ஆர்4’ என்னும் நான்கு கியர்ப் பெட்டியைக் கொண்டுவந்தது. இதன் முதல் கியர் விகிதம் 3.06, பழைய பெட்டியில் 2.52. ஆகவே நிற்கும் வண்டியை இது வலுவாக இழுத்துக் கிளப்பும். நான்காவது கியர் 0.70, அதாவது பின்தண்டு 100 சுற்றுச் சுற்றும்போது எஞ்சின் 70 சுற்றுச் சுற்றினால் போதும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் எரிபொருட் செலவும் குறையும். பழைய வண்டிகளை அன்போடு பேணிவரும் அமெரிக்கர்கள், தம் வீட்டுக் கொட்டகையிலேயே மூன்று கியர்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு இந்த நான்கு கியர்ப் பெட்டியைப் பொருத்திக்கொள்வது பெருவழக்கு. இதிலும் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. பார்வைக்குப் பழையதைப் போன்றதே. ஏறத்தாழ அதே இடத்திலிருந்து புறப்பட்டு அதே பெட்டிக்குள்தான் போகிறது.

ஆனால் இந்தப் பெட்டிக்கு வாக்குவம் குழாய் கிடையாது. சுமையைச் சொல்லும் ஒரே சாட்சி இந்தக் கேபிள்தான். கியர் எப்போது மாற வேண்டும் என்பதும், தட்டுகளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதும் அது எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமையும். அதன் இழுப்பு, கார்புரேட்டரின் நெம்புகோலில் கேபிள் மாட்டப்படும் துளை சுழல்மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்தது. தொழிற்சாலையில் வந்த கார்புரேட்டரில் அத்தொலைவு கணக்கிட்டு அமைக்கப்பட்டிருக்கும். வேறு கார்புரேட்டரை வாங்கி மாட்டினால் கணக்குத் தவறிவிடும். இதைச் சரிசெய்வதற்கென்றே சிறு உலோகத் துண்டு ஒன்று கடைகளில் விற்கப்படுகிறது. அதை வாங்க வேண்டும் என்று அறிந்தவர் வாங்குகிறார்.

அறியாதவரின் நிலை என்ன? இவரைப் பாமரர் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய பெட்டியை இருபது முறை கழற்றி மாட்டியவராகக்கூட இருக்கலாம். அவருடைய பிழை அந்த அனுபவத்திலிருந்தே பிறக்கிறது. ‘இதுவும் கேபிள், அதுவும் கேபிள், அது சற்றுத் தளர்ந்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை, எனவே இதுவும் தளர்ந்திருக்கலாம்’ என்று அவர் ஒப்பிட்டு முடிவுகட்டுகிறார். உஸூல் கலையில் இதற்குப் பெயர் உண்டு: ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’; தீர்ப்பைப் பாதிக்கும் வேறுபாடு இருக்கும்போதே, வெளித்தோற்ற ஒற்றுமையைக் கொண்டு ஒன்றின் தீர்ப்பை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வது. பெயரும் இதற்குத் துணைபோகிறது. பழைய கேபிளைக் ‘கிக்டவுன் கேபிள்’ என்று வழங்கிய பட்டறை வழக்கு, புதியதையும் அப்பெயராலேயே அழைக்கிறது. பெயர் ஒன்றாகிவிட்ட பிறகு பொருளும் ஒன்றெனத் தோன்றுவதில் வியப்பில்லை.

அறியாமையை நம் முன்னோர் இரண்டாகப் பிரித்தனர். அறியாதிருத்தல் ஒன்று, அது தனி அறியாமை, ஜஹ்ல் பஸீத். அறியாதிருந்தும் அறிந்ததாக எண்ணியிருத்தல் மற்றொன்று. அது கூட்டு அறியாமை, ஜஹ்ல் முரக்கப். முதலாமவன் கேட்பான். இரண்டாமவன் கேட்கமாட்டான்; கேட்பதற்குரிய இடம் அவன் உள்ளத்தில் முன்பே நிரம்பியிருக்கிறது. எந்திரத்தில் முதன்முறையாகக் கை வைக்கும் இளைஞன் கைந்நூலைப் பிரித்துப் பார்க்கிறான். இருபது ஆண்டு பழகியவர் அதைத் திறப்பதில்லை. தளர்ந்த கேபிளால் எரிந்த பெட்டிகளைக் கொண்டுவருவோரில் புதியவர்களைவிடப் பழகியவர்களே மிகுதி என்று என் மாணவர் சொல்கிறார். அவர் கணக்கெடுத்துச் சொல்லவில்லை; எனினும் நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது.

இவ்வழக்கில் உள்ளத்தை உறுத்தும் பகுதி இனித்தான் வருகிறது. கேபிள் போதிய அளவு இழுக்கப்படாதபோது பெட்டி எவ்வாறு நடந்துகொள்ளும்? முரண்டு பிடிக்காது; சத்தம் போடாது. கியர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மிருதுவாக மாறும். சாட்சி ‘சுமை இல்லை’ என்கிறார். நீதிபதி அதை நம்பி மேல் கியரைப் போடுகிறார். தட்டுகளும் மென்மையாகவே பிடிக்கின்றன. ஓட்டுபவர் மகிழ்கிறார். ‘எவ்வளவு வழவழப்பு!’ என்று பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் பெருமை பேசுகிறார். அந்த வழவழப்பு என்பதே தட்டுகள் வழுக்குவதுதான். அவர் நலம் என்று எண்ணி அனுபவித்த ஒவ்வொரு கணத்திலும் உராய்வுப் பூச்சு கருகிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் மூன்றாம், நான்காம் கியர்களுக்குரிய தட்டுத் தொகுதியே முதலில் மாளும். ஒருநாள் இரண்டாவது கியரிலிருந்து மேலேறும்போது எஞ்சின் வெறுமனே கூச்சலிடும், வண்டி முன்னேறாது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், செந்நிறமாக இருந்த எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த வாடை வீசும். சில வேளை இதற்கு மாதங்கள் வேண்டியதில்லை. பளுவோடு ஏற்றத்தில் ஓடிய ஒரு பயணமே போதும்.

நோய் வலியோடு வந்தால் மனிதன் மருத்துவரைத் தேடுகிறான். சுகத்தோடு வரும் நோயை யார் சந்தேகிப்பார்? செய்த மாற்றத்துக்குப் பிறகு வண்டி கெடுவதைக் கவனிக்கும் அளவுக்கு, மாற்றத்துக்குப் பிறகு காரணமின்றி நன்றாகிவிடுவதையும் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. கார்புரேட்டரை மாற்றியவனுக்குக் கியர் மிருதுவாக வேண்டிய காரணம் ஏதுமில்லை. அவன் நாடாதது அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

சரி, பெட்டி எரிந்துவிட்டது. இப்போது விசாரணை தொடங்குகிறது. உரிமையாளர் ஐயுறும் வரிசையைப் பாருங்கள். பெட்டியை விற்றவர் பழையதைத் தலையில் கட்டிவிட்டார். புதுப்பித்துக் கொடுத்தவர் மலிவான தட்டுகளைப் போட்டிருக்கிறார். எண்ணெய் கலப்படம். அந்த மாதிரிப் பெட்டியே உருப்படாதது. இப்படி ஊரெல்லாம் சுற்றிவரும் அவருடைய ஐயம், தம் கையால் மாட்டிய கார்புரேட்டரின் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. கேட்டால், ‘அது எஞ்சின் வேலை, இது கியர்ப் பெட்டிப் பழுது’ என்பார்.

உஸூல் அறிஞர்கள் ஒரு தீர்ப்பின் காரணத்தைக் கண்டறிய ‘ஸப்ரு, தக்ஸீம்’ என்னும் முறையைக் கையாண்டனர். காரணமாக இருக்கக்கூடிய அனைத்தையும் முதலில் வகுத்து நிறுத்துவது, பின்பு ஒவ்வொன்றாகச் சோதித்துத் தகாதவற்றைத் தள்ளுவது, எஞ்சியதைக் கொள்வது. கியர்ப் பெட்டிப் பட்டறையின் அன்றாட வேலையும் இதுவே. முதலில் எண்ணெயின் அளவு. சமதரையில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் சூடேறிய பின், எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். குறைந்தால் பம்பு காற்றை விழுங்கும், கூடினால் நுரைக்கும். பிறகு கேபிளின் இழுப்பு. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் கேபிளும் தன் எல்லைவரை போகிறதா? பிறகு அழுத்தமானியைப் பொருத்தி எண்ணெய் அழுத்தம் பார்ப்பது. பிறகு அடித்தட்டைக் கழற்றி, படிந்துள்ள துகள் கரியா உலோகமா என்று காண்பது. இவையெல்லாம் முடிந்த பின்னரே பெட்டியைப் பிரிப்பது. இம்முறையின் உயிர்நாடி, வகுக்கும்போது ஒன்றும் விடுபடக் கூடாது என்பதே. விடுபட்டது எதுவோ அதுவே காரணமாயிருந்தால், மற்றவற்றை எத்துணை நுட்பமாகச் சோதித்தாலும் பயனில்லை. நம் நண்பர் வகுக்கும்போதே தம் கைவேலையை வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். அதன் பின் அவர் செய்யும் ஆராய்ச்சி முழுவதும் குற்றமற்றவர்களை வரிசையாக விசாரிப்பதாகவே முடியும்.

இதைவிட நுட்பமான ஒரு வாதத்தையும் சிலர் எடுத்து வைப்பதுண்டு. பட்டறைக்காரர் வற்புறுத்திய பிறகு, பழைய கார்புரேட்டரையே திரும்ப மாட்டிக் கேபிளையும் ஒழுங்குபடுத்தி வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். பழுது நீங்கவில்லை. ‘பார்த்தீர்களா! நான் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். பழுது அப்படியே இருக்கிறது. எனவே என் மாற்றம் காரணமன்று’ என்கிறார்கள். கேட்பதற்கு வலுவான வாதம். காரணம் உள்ள இடத்தில் காரியம் இருப்பதும், காரணம் நீங்கிய இடத்தில் காரியம் நீங்குவதும் ஆகிய ‘தவரான்’ என்னும் சுழற்சி காரணத்தைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்று என்று நாமும் கற்பிக்கிறோம். ஆனால் அதன் வலிமையைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறோம்.

இந்த வாதம் எங்கே ஓட்டையாகிறது? ஒன்று தோன்றுவதற்குரிய காரணம் வேறு. அது நிலைத்திருப்பதற்குரிய காரணம் வேறு. கொத்தனார் வீட்டைக் கட்டிவிட்டுப் போகிறார். அவர் போன பின்னும் வீடு நிற்கிறது. ஆகவே வீடு எழும்ப அவர் காரணமல்லர் என்று யாராவது சொல்வார்களா? இப்னு ஸீனா இந்த எடுத்துக்காட்டை வைத்தே இவ்வேறுபாட்டை விரித்துரைத்தார். தளர்ந்த கேபிள் தட்டை எரித்தது. எரிந்த தட்டு இப்பொழுது தன் சொந்த நிலையாலேயே வழுக்குகிறது. அதற்குக் கேபிளின் துணை இனித் தேவையில்லை. கேபிளை இன்று நேராக்குவதால் நேற்றுக் கருகியது தளிர்க்காது. மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்பதால் அதன் விளைவையும் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று கருதும் மயக்கம், கியர்ப் பெட்டியோடு நிற்பதில்லை. சொன்ன சொல்லை வாபஸ் பெற்றேன், இனி உனக்கு ஏன் வருத்தம் என்று கேட்பவரிடமும் இதுவே வேலை செய்கிறது.

இவ்வளவும் கூறியதால், மாற்றம் செய்தவரே எப்போதும் குற்றவாளி என்று நான் தீர்ப்பளிப்பதாக எண்ண வேண்டா. ஒன்றன் பின் ஒன்று வந்தது என்பது, ஒன்றனால் ஒன்று வந்தது என்பதற்குச் சான்றாகாது. இரண்டு இலட்சம் மைல் ஓடிய பெட்டியின் பம்பு, நீங்கள் இருக்கை உறை மாற்றிய மறுநாள் உயிரை விடலாம். காரணம் வெகு தொலைவிலும் இருக்கலாம். பின் சக்கரத்துக்குப் பெரிய டயரைப் போட்டவருக்குக் கியர் மாறும் வேகம் கூடியதாகத் தெரியும். கவர்னர் சக்கரத்தின் சுற்றளவை அறியாது. பின்தண்டின் சுழற்சியை மட்டுமே அறியும். சுழற்சி அதேதான், டயர் பெரிதானதால் அச்சுழற்சியில் வண்டி கூடுதல் தொலைவு போகிறது. பெட்டியில் ஒரு குறையுமில்லை. எனினும் காரணம் அவர் கை பட்ட இடம்தான். 1993 முதல் இதே பெட்டியின் மின்னணு வடிவம் வந்து, கணிப்பொறி கியரை மாற்றத் தொடங்கிய பின் இத்தொடர்புகள் இன்னும் மறைவாகிவிட்டன. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றை அளந்தே சுமையைக் கணக்கிடும் வண்டிகளில், காற்று வரும் வழியை மாற்றியவர் கியர் மாறுதலிலும் கை வைத்தவராகிறார். அவர் அதை அறியவும் மாட்டார்.

எனவே நான் சொல்வது, தன் கை பட்ட இடத்தை முதலில் ஐயுறு என்பதே. தன்னைக் குற்றவாளி என்று உடனே எழுதிக்கொள் என்பதன்று. ஏன் முதலில்? பணிவுக்காக அல்ல. பணிவு நல்லதுதான், ஆனால் இங்கே அது வாதமாகாது. என்ன மாற்றப்பட்டது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. பட்டறைக்காரர் முன்னால் இருப்பது எரிந்த தட்டு மட்டும். விற்றவருக்கும் புதுப்பித்தவருக்கும் அந்தக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது தெரியாது. ஒரு நிகழ்ச்சிக்குப் பலர் சாட்சியாக இருந்தால் சிலர் சொல்வது போதும், மற்றவர்கள்மீது பொறுப்பில்லை. ஒருவரே சாட்சி என்றால் சாட்சி சொல்வது அவர்மீது கட்டாயக் கடமையாகிவிடும் என்பது ஃபிக்ஹ் வழி. அவர் வாய் மூடினால் உண்மைக்கு வேறு வாசல் இல்லை.

இங்கே அமெரிக்காவின் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1975இல் இயற்றப்பட்ட மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, ‘என் முத்திரை கொண்ட உதிரிப் பாகத்தையே போட்டால்தான் உத்தரவாதம்’ என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. வேறொருவர் செய்த பாகம் வண்டியில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டி உத்தரவாதத்தை மறுக்கவும் முடியாது. அந்தப் பாகமே பழுதை விளைத்தது என்று அவர் காட்ட வேண்டும். நியாயமான சட்டம். மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம் சாட்டுபவர் தோளில் வைக்கிறது. சிலர் இதைத் தமக்கு வழங்கப்பட்ட நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள்: அவர்கள் மெய்ப்பிக்கவில்லை, ஆகவே நான் செய்யவில்லை! சட்டம் சொன்னது இதுவன்று. பிறர் சான்றின்றி என்மீது வைக்கக் கூடாத ஐயத்தை நான் என்மீது வைத்துப் பார்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. பிறருக்கு என் கொட்டகைக்குள் நுழைய உரிமையில்லை, எனக்கு உண்டு. ஒரே ஐயம் அவர்களிடம் அநீதியாகவும் என்னிடம் கடமையாகவும் இருப்பது இதனால்தான்.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது மறைப்பவர்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. மூன்று மருந்தை விழுங்கிவிட்டு ஹகீமிடம் ஒன்றும் சாப்பிடவில்லை என்பவரை நாம் அறிவோம். காரணம் வெட்கமாக இருக்கலாம். கூலி கூடும் என்ற அச்சமாகவும் இருக்கலாம். பெட்டி மீண்டும் புதுப்பிக்கப்படும், அதே தளர்ந்த கேபிள் மாட்டப்படும், மீண்டும் எரியும். இரண்டாம் முறை எரிந்தபோது பழி புதுப்பித்தவர் தலையில் விழுகிறது. என் மாணவர் இப்போது வண்டியை வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்கிறாராம்: கடைசியாக வண்டியில் எதை மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள், யார் மாற்றினார். மூன்றாம் கேள்விக்குத்தான் பதில் தாமதமாக வருமாம்.

அப்படியானால் அறியாதவர் எந்திரத்தில் கையே வைக்கக் கூடாதா? இவ்வாறு சொல்வோர் உண்டு, நான் உடன்படவில்லை. தன் பொருளைத் திறந்து பார்ப்பதும் திருத்த முயல்வதும் மனிதனின் உரிமை. அந்தக் கொட்டகைகளில் கற்றவர்களால்தான் அத்தொழிலில் பல நுட்பங்கள் வளர்ந்தன. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், அறிவுடைய வயது வந்த ஒருவர் தம் சொத்தை வீணாக்கினாலும் அதற்காக அவர்மீது ஹஜ்ர் என்னும் தடை விதிப்பதை ஏற்கவில்லை. அவருடைய மனிதத் தகுதி அவருடைய பணத்தைவிட மேலானது என்று கருதினார்கள். ஆனால் மூவர்மீது மட்டும் தடை விதிக்கலாம் என்றார்கள். கூச்சமின்றித் தந்திரம் கற்பிக்கும் முஃப்தி ஒருவர். அறியாத மருத்துவர் ஒருவர். கையில் வாகனமும் இல்லாமல், வாங்கப் பணமும் இல்லாமல் பயணிகளிடம் வாடகை பெற்றுக்கொள்ளும் வாகனக்காரர் ஒருவர். பயணிகளை அவர் நடுவழியில் தவிக்க விடுவார். இம்மூவருக்கும் பொது யாது? தம் பொருளைக் கெடுப்பது அவர்கள் குற்றமன்று. அவர்களை நம்பி வந்த பிறரின் மார்க்கமும் உயிரும் பொருளும் கெடுகின்றன.

எல்லை அங்கேதான் இருக்கிறது. கொட்டகைக்குள் ஒருவர் தம் கியர்ப் பெட்டியை எரித்துக்கொண்டால் அது அவருடைய பணம். அதே வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போகும்போது, பின்னால் லாரி வரும் ஏற்றத்தில் இழுப்பு அறுந்து நின்றால், அது அவருடைய பணத்தைப் பற்றிய கேள்வியாக இருப்பதில்லை. அந்த வண்டியை விற்கும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

விற்பவர் சொல்வார்: ‘நான் கொடுத்தபோது வண்டி நன்றாக ஓடியது. மூன்று மாதம் கழித்துப் பெட்டி எரிந்தால் அது வாங்கியவர் ஓட்டிய விதம்.’ ஓடியது உண்மைதான். விற்கும் முன்பே இருந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு, விற்ற பின் புதிதாகத் தோன்றிய குறைக்கு அவர் பொறுப்பல்லர் என்பது வியாபாரச் சட்டத்தின் அரிச்சுவடி. இதை அவரும் அறிந்திருக்கலாம். ஆனால் எதைக் குறை என்கிறோம்? எரிந்த தட்டையா, தளர்ந்த கேபிளையா? தட்டு எரிந்தது வாங்கியவர் கையில். கேபிள் தளர்ந்தது விற்றவர் கையில். பெட்டிக்குள் விளைவு முற்றிப் பழுக்க மூன்று மாதம் ஆனதால், விதைத்த நாள் மாறிவிடாது. வாங்கியவர் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார் என்று விற்றவர் தரப்பில் வாதிடுவோரும் உண்டு. அவர் ஓட்டிப் பார்த்தபோது கண்டது என்ன? கியர் மிக மிருதுவாக மாறியது. அதற்காகத்தான் நூறு டாலர் கூட்டிக் கொடுத்திருப்பார். என் முடிவில், பெட்டியைப் புதுப்பிக்கும் செலவும் அந்த நூறு டாலரும் விற்றவர் மீதே விழும். அந்தச் சாய்வான நெம்புகோல் பொருந்தாதது என்பதே தனக்குத் தெரியாது என்று அவர் சொல்வாரானால், தெரியாமல் விற்றார் என்பதால் அவர்மீதுள்ள பாவம் குறையலாம். வாங்கியவருடைய பெட்டி அதனால் குறைவாக எரியவில்லை.